குழாயில் மூன்று முறை

நவம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு வாலு எழுதுவது.

நான் சௌக்கியம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு வழக்கம்போல ஊர்க்கதைக்குத் தாவ இன்று முடியவில்லை. உங்கள் பக்கம் புயல் கரை கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். எத்தனை வீடு, எத்தனை கம்பம் என்று ஒரு கணக்கும் சொன்னார்கள். அதில் நம் வீடு உண்டா இல்லையா என்று அந்த ரேடியோவுக்குத் தெரியவா போகிறது? மருந்துக்கடை போனுக்கு நான்கு தடவை போட்டேன். கொர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வார்டில் இன்று ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு மறுபடியும் அவரிடமே போய் நின்றேன். பெரிய நர்ஸ் கையைப் பிடித்து, "இன்னிக்கு நீ காய்ச்சல் மட்டும் பாரு, ஊசியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் மோட்டார் பட்டறையில் தண்ணீர் ஏறியதா? ரெண்டு படி இறங்கிப் போகிற பட்டறை, நாலு சொட்டு மழைக்கே குளம் கட்டும். போன மாதம் அனுப்பிய வாட்ச் கிடைத்ததா? தண்ணீர் புகவே புகாது என்று கடைக்காரன் சத்தியம் செய்து விற்றான். புகுந்ததா என்று அண்ணனை எழுதச் சொல்லுங்கள்.

உடனே பதில் போடுங்கள். ஒரு வரி போதும்.

உங்கள் நாத்தனார்,
வாலு


நவம்பர் 16

அன்புள்ள வாலுவுக்கு அண்ணியின் ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் இருக்கிறோம்.

புயல் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மாலை நாலு மணிக்கு ஓய்ந்தது. சமையலறை ஜன்னல் போய்விட்டது. மொட்டைமாடித் தகரம் தெருக்கோடியில் கிடைத்தது. மாடி வீட்டு டீச்சரம்மா நலம். அவருடைய புத்தக அலமாரி நனைந்துவிட்டது, பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறார். எதிர்வீட்டு அச்சகக்காரர் நலம். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. தாயும் பிள்ளையும் நலம். மருந்துக்கடைக்காரர் நலம், கடையில் மருந்தெல்லாம் சேறு. நடுவில் பன்னிரண்டரை மணிக்கு இருபது நிமிஷம் காற்று அடியோடு நின்றது. புயலின் கண் என்கிறார்கள். அப்போது நானே போய் எல்லாரையும் பார்த்துவிட்டு வந்தேன்.

நீ இருந்தபோதே உள்ள வழக்கம்தானே, குழாயில் தட்டினோம். பட்டறையிலிருந்து நம் சமையலறை வழியாக மாடிக்குப் போகிற தண்ணீர்க் குழாயில் மணிக்கு ஒரு தடவை. கீழே அவர் ஸ்பேனரால், நடுவில் நான் கரண்டியால், மேலே டீச்சரம்மா. மூன்று முறை தட்டினால் நல்லபடியாக இருக்கிறோம் என்று அர்த்தம். அன்றைக்கும் எல்லாரும் தட்டினோம். அவர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்.

பட்டறையில் தண்ணீர் ஏறியது. இரும்பு ரேக் சாய்ந்து அவருக்குக் கையில் கொஞ்சம் அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கவலைப்படாதே.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
உன் அண்ணி


நவம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இனி இதை எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

தகரம் எங்கே கிடைத்தது என்று எழுதினீர்கள், டீச்சரம்மா புத்தகத்தை எப்படிக் காயப்போட்டார் என்று எழுதினீர்கள், பதினோரு நாள் குழந்தையின் நலம்கூட வந்துவிட்டது. என் அண்ணன் மட்டும் கடைசியில் "கொஞ்சம் அடி." பன்னிரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவளிடம் கொஞ்சம் அடி என்று சொன்னால் எப்படி? எந்தக் கை? எலும்பா, சதையா? விரல் அசைகிறதா? கொஞ்சம் அடிக்கு எட்டு நாள் யாரும் ஆஸ்பத்திரியில் படுக்கை தரமாட்டார்கள்.

அவனை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வலது கை என்றால் இடது கையால் கிறுக்கட்டும். அவன் வலது கையால் எழுதினாலும் கிறுக்கல்தான்.

வாலு


டிசம்பர் 8

அன்புள்ள வாலுவுக்கு ஆசிகள்.

இடது கை. கட்டுப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிடுகிறார், தூங்குகிறார். டாக்டர் நல்லவர்.

சமையலறை ஜன்னலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஊர் முழுக்க ஜன்னல் போயிருக்கிறது, தச்சர் கையில் அகப்படவே மாட்டேன் என்கிறார். சாக்கு கட்டி வைத்திருக்கிறேன். அது நாள் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. முதலில் தொந்தரவாக இருந்தது. இப்போது காதில் விழுவதில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


டிசம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

சாக்கைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். கையைப் பற்றி இரண்டே வார்த்தை.

கோபப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பயந்துபோய் எழுதுகிறேன். லீவு கேட்டேன். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறது, நடுவில் போனால் திரும்பி வர வேண்டாம் என்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதங்களையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். மருந்துக்கடை போன் சரியானதும் ஒருநாள் கூப்பிட்டேனே, நினைவிருக்கிறதா? "எல்லாம் நல்லா இருக்கோம், நீ வை, காசு ஆகும்" என்று நீங்களே வைத்துவிட்டீர்கள். பின்னால் அவன் குரலாவது கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் வாட்ச் கட்டியிருக்கிறானா? கட்டு பிரித்தபின் கட்டிக்கொள்ள முடிகிறதா? அதை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நானே புரிந்துகொள்கிறேன்.

வாலு


ஜனவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. மன்னித்துக்கொள். எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். அப்படியே போய்விட்டது.

மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது கை. புயல் அடித்த மறுநாளே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. நீ கேட்பாய் என்று டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன். நன்றாக ஆறியிருக்கிறது என்றார்.

மோட்டார் காயில் கட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கை கம்பியை இழுக்க வேண்டும், இன்னொன்று சுற்ற வேண்டும். தினமும் காலையில் பட்டறைக்கு இறங்கிப் போகிறார். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டுக்கு மேலே வருகிறார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசுவதில்லை. சாதம் குழைந்துவிட்டது என்றுகூடச் சொல்வதில்லை. குழைந்துதான் இருக்கிறது, எனக்கே தெரிகிறது.

ரேக் எப்போது விழுந்தது என்று கேட்டேன். காற்று நின்று மறுபடி திரும்பி அடித்ததே, அதற்குப் பிறகு, ஒரு மணிக்கு மேலே விழுந்தது என்றார். விழுந்தவுடன் மயக்கமாம், ஒன்றும் தெரியாதாம்.

வாட்ச் தண்ணீரோடு போய்விட்டது. நீ ஆசையாக அனுப்பியது.

எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து வந்து அழுகிறார்கள், நான் டீ போட்டுக் கொடுக்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை மருந்து அறையில் நின்றுகொண்டே படித்தேன். எத்தனையோ பேருக்குக் கை எடுத்தபின் கட்டு மாற்றி, "எல்லாம் பழகிடும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த வாயை என்ன செய்தால் தகும் என்று இருக்கிறது.

இரவெல்லாம் உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் ஒரு வரி. "அவர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்." அதிகமாக என்றால் எப்படி அண்ணி? அண்ணன் சோம்பேறி. மணிக்கு ஒரு தடவை தட்டுவதற்கே மறந்துபோய், நீங்கள் கரண்டியால் குழாயை நொறுக்கினால்தான் பதில் வரும். அவனா அதிகமாகத் தட்டினான்? எத்தனை மணிக்கு?

குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

வாலு


மார்ச் 5

வாலு,

அண்ணன் எழுதுகிறேன். நல்லா இருக்கிறேன். நீ நல்லா இருக்கிறாய் என்று நம்புகிறேன். தாள் நகராமல் இருக்க மேலே ஒரு இரும்புத் துண்டு வைத்து எழுதுகிறேன். கிறுக்கல் என்று நக்கல் அடிக்காதே.

நீ அனுப்பிய கடைசிக் கடிதம் பிரித்தபடி சமையலறை மேடையில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. அவள் பதில் போடவில்லை. நானே படித்துவிட்டேன். அவளிடம் அதைக் கேட்காதே. என்னிடம் கேள், சொல்கிறேன். உன்னிடம் மட்டும்.

பதினோரு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது ரேக் விழுந்தது. கை அடியில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் இடுப்பளவு. வலது கைக்கு ஸ்பேனரும் குழாயும் எட்டின. கத்தினேன், காற்றில் யாருக்குக் கேட்கும்? தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அப்புறம் தட்டினேன். மூன்று மூன்றாகத்தான் தட்டினேன், எனக்கு வேறு எப்படித் தட்டத் தெரியும்? அவளும் மேலேயிருந்து மூன்று தட்டினாள். நானும் நல்லா இருக்கேன் என்கிறாள் என்று புரிந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி அவள் மூன்று.

காற்று நின்றதும் தட்டுவதை நிறுத்தினேன். இனி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கோபத்தில் இருந்தால் அவள் அப்படித்தான் நடப்பாள், படி அதிரும். அந்தச் சத்தம் ஷட்டரைத் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திரும்பி மேலே போயிற்று. எனக்குக் குரல் இல்லை, தட்டினாலும் நல்லா இருக்கேன் என்றுதான் கேட்கும்.

இது அவளுக்குத் தெரியக் கூடாது. ஒரு மணிக்கு மேல்தான் விழுந்தது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே பிடித்துக்கொள். கை போனது போனது. அவளாவது தூங்கட்டும்.

டீச்சரம்மாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். பதிலை அவர் பேருக்கே போடு.

அண்ணன்


மார்ச் 21

அன்புள்ள வாலுவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இதை நீ படித்தபின் எனக்கு எழுதாமல் இருந்தாலும் சரி.

அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. பட்டறையைப் பூட்டிவிட்டு மேலே வாங்க என்றேன். "ஊரார் கொடுத்த சாமான், நனைஞ்சா யாரு பதில் சொல்றது? எல்லாத்தையும் மேல் தட்டுக்கு ஏத்திட்டு வரேன்" என்றார். "அப்ப அந்த மோட்டாருங்களையே கட்டிக்கிட்டு அங்கேயே கெடங்க" என்றேன். கெடங்க என்றுதான் சொன்னேன்.

ஒன்பதுக்குத் தட்டினார், பத்துக்குத் தட்டினார். அப்புறம் பதினொன்றுக்கு முன்னாலேயே தட்டினார். நானும் தட்டினேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி. மறுபடி. டீச்சரம்மா ஜன்னல் வழியாகக் கத்திச் சிரித்தார், "உன் வீட்டுக்காரருக்குப் பொழுது போகல போலிருக்கு, சமாதானத்துக்கு வரார்டி!" நானும் அப்படித்தான் நினைத்தேன். சமாதானம் வேண்டுமென்றால் மேலே ஏறி வரட்டுமே என்று கரண்டியை ஆணியில் மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நான் பதிலுக்குத் தட்டவே இல்லை. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

காற்று நின்றதும் எல்லாரையும் பார்க்கப் போனேன் என்று எழுதினேன் இல்லையா? டீச்சரம்மாவைப் பார்த்தேன். எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பால் பவுடர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரரைக் குரல் கொடுத்து விசாரித்தேன். போகும்போதும் வரும்போதும் பட்டறை ஷட்டரைத் தாண்டித்தான் போனேன். அவருக்குக் கேட்கட்டும் என்று படியில் செருப்பை ஓங்கி ஓங்கி வைத்து நடந்தேன். ஊரில் எல்லாரையும் விசாரிக்கிறேன், உங்களை மட்டும் விசாரிக்கவில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்று.

நாலு மணிக்குக் கோபம் போய் டீ எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஷட்டர் திறக்கவில்லை. அச்சகக்காரர் கடப்பாரையால் நெம்பினார்.

வாட்ச் தண்ணீரோடு போகவில்லை. ஆஸ்பத்திரியில் கையிலிருந்து கழற்றி ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். என் பொத்தான் டப்பாவில் அடியில் இருக்கிறது. கண்ணாடி நொறுங்கி, பத்து நாற்பதில் நிற்கிறது. ஒரு மணிக்கு மேல்தான் ரேக் விழுந்தது என்று அவர் சொல்லும்போதெல்லாம் சரிங்க என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு ஒருவேளை நிஜமாகவே நினைவில்லாமல் இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இது எப்பேர்ப்பட்ட வேண்டுதல், பார்.

எங்கள் வீட்டில் நல்லா இருக்கிறோம் என்பதற்கு மூன்று தட்டு வைத்துக்கொண்டோம். வா என்பதற்கு ஒன்று வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

அவரிடம் சொல்லிவிடாதே. சொன்னால் அந்தப் படியில் நான் மறுபடி ஏறி இறங்க முடியாது.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணி,

உங்கள் மேல் மூன்று நாள் கோபமாக இருந்தேன். அவன் மேலும் மூன்று நாள். அப்புறம் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு பக்கம் என் வாயைப் பொத்துகிறீர்கள். நான் ஒருத்தி எத்தனை நாள்தான் மூச்சு முட்டிக்கொண்டு இருப்பேன்?

சொல்லக் கூடாது என்று அவன் கேட்டுக்கொண்டான். நான் சொல்லவில்லை. மார்ச் ஐந்தாம் தேதி அவன் எனக்கு எழுதியதை அப்படியே இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். நீங்கள் எனக்கு எழுதியதை அவன் பேருக்கு இன்னொரு கவரில் வைத்து, அதே பெட்டியில், இப்போதுதான் போட்டுவிட்டு வந்தேன். போட்டபின் கை உள்ளே போகிறதா என்றுகூடப் பார்த்தேன். போகவில்லை.

தப்பென்றால் திட்டி எழுதுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாகத் திட்டுங்கள்.

வாலு


ஏப்ரல் 24

அன்புள்ள வாலுவுக்கு,

இரண்டு கவரும் ஒரே நாளில் வந்தன. தபால்காரர் இரண்டையும் என் கையில் கொடுத்தார். அவருடையதைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பட்டறைப் படியிலேயே உட்கார்ந்து என்னுடையதைப் பிரித்தேன். அவரால் ஒரு கையால் கவரைக் கிழிக்க முடியவில்லை, பல்லால் கிழித்தார்.

அவர் முதலில் படித்து முடித்தார். நான் எழுதியது நீளம், ஆனாலும் அவர் முடித்துவிட்டார். நான் செருப்புச் சத்தம் என்ற இடத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றிருந்தேன்.

அவர் தாளைக் கீழே வைத்தார். "அந்த வாட்சை எடுத்துட்டு வா" என்றார். போய்ப் பொத்தான் டப்பாவோடு எடுத்துக்கொண்டு வந்தேன். வலது கையை நீட்டினார். ஒரே கை இருந்தால் அதில் வாட்ச் கட்டிக்கொள்ள முடியாது, இன்னொருத்தர்தான் கட்டிவிட வேண்டும். கட்டிவிட்டேன். வார் ஒரு ஓட்டை தளர்வாக இருந்தது, இறுக்கினேன். இப்போதும் அது பத்து நாற்பதுதான் காட்டுகிறது. ரிப்பேருக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு அதிகமாகிவிட்டது என்று நினைக்காதே. அப்படியேதான் இருக்கிறோம். தூக்கமும் இல்லை. முன்பு அவர் தூங்குவதுபோலப் படுத்திருப்பார், நானும் தூங்குவதுபோலப் படுத்திருப்பேன். இப்போது இரண்டு பேரும் விழித்துக்கொண்டே படுத்திருக்கிறோம். சாதம் குழைந்துவிட்டது என்று முந்தாநாள் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்ததே என்று அப்புறம் அழுதேன்.

சமையலறை ஜன்னலுக்குத் தச்சர் வந்துவிட்டார். சாக்கை எடுத்துவிட்டோம். வீடு அமைதியாக இருக்கிறது.

நேற்று மாலை அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. காற்று இல்லை, மழை இல்லை, நல்ல வெயில். கீழேயிருந்து குழாயில் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. டீச்சரம்மா மாடியிலிருந்து பதிலுக்கு மூன்று தட்டினார். ஆணியில் கரண்டி மாட்டியிருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஸ்பேனர் மடியில் இருந்தது.

"என்னங்க?" என்றேன்.

"சும்மாதான் தட்டினேன். நல்லாத்தான் இருக்கேன்."

"இருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

உன் அண்ணி